சுருதியை இறக்கிய பிறகு: இணையக் கரோக்கே பாடகி ஒருவரின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பாடகிக்கு வயது 61. பணம் வாங்கிக்கொண்டு மேடையில் ஒரு நாளும் பாடியதில்லை. பாடாமலும் ஒரு நாள் இருந்ததில்லை. பணி ஓய்வுக்குப் பிறகு கைபேசியில் கரோக்கே செயலி, அதாவது குரல் இல்லாத இசையை ஒலிக்கவிட்டு நாம் பாடுவதைப் பதிவு செய்யும் செயலி, புகுந்தது. முதல் இரண்டு வருடத்தில் நூற்றுக்கணக்கான பாடல்களைப் பதிவு செய்தார். மூன்றாவது வருடம் எல்லாம் ஒன்றாகச் சரிந்தது. குரல் கம்மியது, மேல் ஸ்வரங்கள் உடைந்தன, பதிவைக் கேட்டால் தாளம் பிந்தியது, செயலி தரும் மதிப்பெண்ணும் இறங்கிக்கொண்டே போனது.

நான் பெரியவர்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுக்கிறேன். "வயசாயிடுச்சு டீச்சர், விட்டுடலாமான்னு பாக்கறேன்" என்று வருகிறவர்கள் எனக்குப் புதிதல்ல. இவரும் அப்படித்தான் வந்தார். ஆனால் இவருடைய விஷயத்தில் வயது செய்த வேலை கொஞ்சம்தான். மீதியைச் செய்தது பாடும் சூழலும், கருவியும், எல்லாவற்றுக்கும் மேலாக "அசல் சுருதியில்தான் பாட வேண்டும்" என்ற பிடிவாதமும். இந்தப் பிடிவாதம் கரோக்கே பாடும் பெரும்பாலோரிடம் இருப்பதால்தான், அவருடைய சம்மதத்தோடு, அடையாளங்களை விட்டுவிட்டு இதை எழுதுகிறேன். நான் அவரை அக்கா என்றே கூப்பிடுவேன். இங்கேயும் அப்படியே இருக்கட்டும்.

பாட்டு உள்ளே போன விதம்

அக்காவின் சிறுவயதில் வானொலிதான் எல்லாம். பாட்டு ஒலிபரப்பாகும்போதே நோட்டுப் புத்தகத்தில் வரிகளை எழுதிக்கொள்வார். பாட்டின் வேகத்துக்குக் கை ஈடுகொடுக்காது. விட்டுப்போன வார்த்தைக்குப் புள்ளி வைத்து இடம் விட்டுவிட்டு, அதே பாட்டு மறுபடி வரும்வரை காத்திருப்பார். சில பாட்டுகளின் இரண்டாவது சரணம் நிரம்ப மாதக்கணக்கில் ஆனது என்றார். அந்த நோட்டுகளில் ஒன்றை எனக்குக் காட்டினார். வரிகளுக்கு மேலே பென்சிலில் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்று மேலே ஏறுகிறது, ஒன்று நடுங்குகிறது, ஒன்று சட்டென்று விழுகிறது. ஸ்வரம் எழுதத் தெரியாத வயதில் சங்கதிகளை அப்படிக் குறித்து வைத்திருக்கிறார். பி. சுசீலா ஒரு சொல்லின் கடைசி எழுத்தை எப்படி மூடுகிறார், எஸ். ஜானகி எங்கே மூச்சு எடுக்கிறார் என்பதெல்லாம் அந்தக் கோடுகளில் இருக்கிறது.

நடுவில் சில வருடம் கர்நாடக சங்கீதமும் கற்றார். வர்ணம் வரை போய், படிப்பு, வேலை என்று அது நின்றுபோனது. பாட்டு நிற்கவில்லை. கேசட் காலத்தில் பிடித்த பாட்டுகளை ஒரே கேசட்டில் தொகுத்து வைத்துக்கொண்டு கூடவே பாடுவார். பேட்டரி இறங்கினால் பாட்டின் வேகத்தோடு சுருதியும் இறங்கும், அப்போது தனக்குப் பாடச் சுலபமாக இருக்கும் என்பதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். இந்த ஆய்வின் விடை அந்தச் சிரிப்பிலேயே இருந்தது என்று பிறகுதான் தோன்றியது.

இப்படிக் கேட்டுக் கேட்டுக் கற்ற பாட்டில் ஒரு விசேஷம் உண்டு. மெட்டோடு சேர்ந்து சுருதியும் மனதில் படிந்துவிடும். 1994-இல் டேனியல் லெவிட்டின் என்ற ஆய்வாளர், இசைப் பயிற்சி பெரிதாக இல்லாதவர்களையும் சேர்த்து அழைத்து, தங்களுக்கு நன்றாகத் தெரிந்த பாட்டை நினைவிலிருந்து பாடச் சொன்னார். துணை இசை எதுவும் கிடையாது. பலரும் அசல் பதிவின் சுருதியிலோ அதற்கு மிக அருகிலோ தொடங்கினார்கள். ஆகவே, சுருதியை மாற்றினால் "என்னமோ தப்பா இருக்கு" என்று தோன்றுவது வெறும் பிடிவாதம் மட்டுமல்ல. காது அப்படிப் பழகியிருக்கிறது. 40, 50 வருடமாக ஒரே உயரத்தில் கேட்ட பாட்டைச் சற்றுக் கீழே கேட்டால், வேறு யாரோ பாடிய பாட்டு மாதிரி இருக்கும்.

தாளம் பிந்தியது யார்?

புகார்களில் அக்காவை அதிகம் நோகடித்தது தாளம்தான். சின்ன வயதில் பாட்டு வாத்தியார் அவரைப் பாராட்டியதே தாளத்துக்காக. இப்போது பதிவைக் கேட்டால் ஒவ்வொரு வரியும் இசைக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வந்தது.

எதிரே உட்காரவைத்துப் பாடச் சொன்னேன். தாளத்தில் துளியும் பிசகில்லை. சரி, செயலியில் பாடிக் காட்டுங்கள் என்றேன். காதில் கம்பியில்லா இயர்போனை மாட்டிக்கொண்டார். பாட வேண்டாம், டிராக்குக்கு, அதாவது பின்னணி இசைக்கு, கையை மட்டும் தட்டுங்கள் என்று சொல்லிப் பதிவு செய்தோம். திரும்பப் போட்டுக் கேட்டால் தட்டும் பிந்தியிருந்தது. கவனிக்க வேண்டிய விஷயம், எல்லாத் தட்டுகளும் ஒரே அளவில் பிந்தியிருந்தன. தாளம் சரியில்லாத மனிதர் ஒரே சீராகப் பிந்த மாட்டார். ஓரிடத்தில் முந்துவார், ஓரிடத்தில் இழுப்பார். ஒரே சீராகப் பிந்தினால் குற்றவாளி கருவிதான்.

புளூடூத் இயர்போனுக்கு ஒலி போய்ச் சேர 150 முதல் 250 மில்லி விநாடி தாமதமாவது சகஜம். நிமிடத்துக்கு 120 அடி ஓடும் பாட்டில் ஓர் அடிக்கு 500 மில்லி விநாடி, கால் அடிக்கு 125. அதாவது அக்காவின் காதுக்கு இசை வந்து சேரும்போதே கால் அடிக்கு மேல் கடந்துவிடுகிறது. அவர் கேட்ட இசைக்குச் சரியாகத்தான் பாடுகிறார். செயலியோ அந்தக் குரலைத் தன்னிடம் உள்ள இசையோடு ஒட்டும்போது அது பிந்திப்போகிறது. படம் பார்க்கும்போது இந்தத் தாமதம் தெரியாது, ஏனென்றால் படத்தையும் அதே அளவுக்குத் தாமதப்படுத்திச் சமாளித்துவிடுவார்கள். பாடுகிறவரை அப்படித் தாமதப்படுத்த முடியாதே.

கம்பி இயர்போன் போட்டதும் பிரச்சினை ஏறக்குறைய மறைந்தது. மிச்சமிருந்த சின்ன இடைவெளியைப் பதிவு முடிந்ததும் வரும் ஒத்திசைவுப் பட்டையை நகர்த்திச் சரிசெய்தோம். பல செயலிகளில் அந்தப் பட்டை இருக்கிறது, பலர் அதைத் தொடுவதே இல்லை. அக்கா அன்றைக்கு எதுவும் சொல்லவில்லை. பழைய பதிவுகளை எல்லாம் அழித்துவிட்டுத் திரும்பப் பாடப்போவதாக மறுநாள் குரல்செய்தி வந்தது. குரல் இருந்த நிலையில் அது நல்ல யோசனையே இல்லை.

இரவு 11 மணிக் குரல்

கரகரப்பு ஒரு மாதத்தைத் தாண்டியிருந்தது. முதலில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய் வாருங்கள், மற்றதைப் பிறகு பார்க்கலாம் என்றேன். குரல் கம்மல் நான்கு வாரத்தில் சரியாகவில்லையென்றால் குரல்வளையை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகத்தின் 2018-ஆம் ஆண்டு வழிகாட்டல் சொல்கிறது. பாட்டு வாத்தியார்கள் வெந்நீரும் தேனும் சொல்லி அனுப்புகிற இடம் இது அல்ல. இதில் எனக்குப் பிடித்த ஒரு வரலாறு உண்டு. உயிரோடு இருக்கும் மனிதரின் குரல்நாண்கள் பாடும்போது எப்படி அசைகின்றன என்பதை 1854-இல் கண்ணாடிகளையும் சூரிய வெளிச்சத்தையும் வைத்துத் தன் தொண்டைக்குள்ளேயே பார்த்தவர் மானுவல் கார்சியா. அவர் மருத்துவர் அல்ல, பாட்டு ஆசிரியர். அவர் கண்டதை மருத்துவ உலகம் எடுத்துக்கொண்டது. நாம் அந்த மருத்துவரிடம் போகத் தயங்குகிறோம்.

அக்காவுக்குக் கட்டி, முடிச்சு எதுவும் இல்லை. குரல்நாண்களின் ஓரத்தில் லேசான வீக்கம். அதிகப் பயன்பாடு என்றார் மருத்துவர். குரலுக்கு ஓய்வு, அப்புறம் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தார்.

நாள் முழுக்க அவ்வளவாகப் பேசாத ஒருவருக்கு அதிகப் பயன்பாடு எங்கிருந்து வந்தது? அவர் பாடும் விதத்தை விசாரித்தபோதுதான் புரிந்தது. வீடு தூங்கிய பிறகு, இரவு 11 மணி வாக்கில்தான் பதிவு. அப்போதுதான் மின்விசிறியைத் தவிர வேறு சத்தம் இருக்காது. இயர்போனில் இசையைப் பலமாக வைத்துக்கொள்வார். சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதர் தம்மையறியாமல் குரலை உயர்த்துவார் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-இல் எழுதினார். அந்த இயல்புக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள். அந்தச் சத்தம் இயர்போனுக்குள் இருந்தாலும் விளைவு அதேதான். ஆக, காதுக்குள் இருக்கும் இசை குரலை உயர்த்தச் சொல்கிறது, பக்கத்து அறையில் தூங்குகிறவர்கள் அடக்கச் சொல்கிறார்கள். நடுவில் மாட்டிக்கொண்டது தொண்டை. உச்ச ஸ்வரத்தை மெதுவாகவும் சுத்தமாகவும் பிடிப்பது தேர்ந்த பாடகர்களுக்கே கடினம். பயிற்சி விட்டுப்போன ஒருவர் அதைத் தினமும் இரவில், குரலைச் சூடேற்றாமல், தொண்டையை இறுக்கித்தான் செய்ய முடியும்.

இதற்கு மேல் மறுபதிவு. கரோக்கே செயலியின் பெரிய வசதியும் பெரிய ஆபத்தும் அதுதான். மேடையில் ஒரு பாட்டை ஒரு தடவை பாடுவோம். உச்சத்தில் சறுக்கினால் சறுக்கியதுதான், பாட்டு போய்க்கொண்டே இருக்கும். செயலியில் சறுக்கிய இடத்துக்குத் திரும்பலாம். எந்த இடத்துக்குத் திரும்புவோம்? சுலபமான பல்லவிக்கா? அக்கா சரணத்தின் உச்ச வரியை மட்டும் திரும்பத் திரும்பப் பாடியிருக்கிறார், திருப்தி வரும்வரை. ஒரு பாட்டின் மிகக் கடினமான இரண்டு வரியை மட்டும் கத்தரித்து எடுத்து, களைத்த குரலுக்கு அதையே தொடர்ந்து ஊட்டினால் எந்தக் குரல்நாணும் வீங்கத்தான் செய்யும்.

மூன்று வாரம் பாட்டு இல்லை. அந்த மூன்று வாரமும் அவர் பட்ட பாடு எனக்குத் தெரியும், தினமும் குரல்செய்திக்குப் பதில் எழுத்தில் செய்தி வரும். பிறகு ஸ்ட்ரா வழியாக ஊதிக்கொண்டே மெல்லிய குரலில் கீழிருந்து மேலே வழுக்கிப்போகும் பயிற்சியைத் தொடங்கினோம். வாயைப் பாதி மூடிய நிலையில் காற்றின் எதிரழுத்தம் குரல்நாண்களுக்குத் துணை நிற்பதால், அவை மோதிக்கொள்ளும் வேகம் குறைகிறது. பார்க்க விளையாட்டு மாதிரி இருக்கும். அக்காவுக்கு முதலில் வெட்கம். பேரப்பிள்ளை பார்த்துச் சிரித்தானாம்.

சுருதிதான் சிக்கல்

கரகரப்பு அடங்கியதும் அக்காவின் குரல் எதுவரை போகிறது என்று பார்த்தோம். அவர் தன்னை இன்னும் 5 கட்டைப் பாடகி என்றே நினைத்துக்கொண்டிருந்தார். கட்டை என்பது பாடுகிறவர் ஸாவாக வைத்துக்கொள்ளும் ஆர்மோனியக் கட்டையின் எண். பெண் பாடகிகளுக்கு 5, 5½ என்பது வழக்கமான இடம். 5 கட்டையில் மேல் பா என்பது ஏறக்குறைய 587 ஹெர்ட்ஸ், அதாவது குரல்நாண்கள் விநாடிக்கு 587 தடவை மோத வேண்டும். அக்காவுக்கு 500 ஹெர்ட்ஸ் பக்கம் வந்தாலே இறுக்கம் தெரிந்தது. கீழே இறங்கினால் நிலைமை வேறு. முன்பு காற்றாகப் போன மந்தர ஸ்வரங்கள் இப்போது கனமாக, அழகாக நின்றன. மாதவிடாய் நின்ற பிறகு பெண்களின் குரல் சற்றுத் தடித்துக் கீழே இறங்குவது இயற்கை. குரலின் எல்லை சுருங்கிவிட்டது என்று அக்கா நினைத்தது பாதிதான் உண்மை. எல்லை கீழே நகர்ந்திருந்தது. மேலே இழந்ததில் கணிசமான பங்கைக் கீழே பெற்றிருந்தார். அதைப் பயன்படுத்த அவர் பாடும் டிராக்குகள் இடம் தரவில்லை, ஏனென்றால் அவை எல்லாமே அசல் பாடகியின் இளமைக் குரலுக்கு அமைந்த சுருதியில் இருந்தன.

செயலியில் சுருதியை மாற்றும் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தச் சொன்னபோதுதான் உண்மையான எதிர்ப்பு வந்தது.

"அது ஏமாத்து இல்லையா டீச்சர்? ஒரிஜினல் ஸ்ருதியில பாடினாத்தானே பாட்டு?"

"அக்கா, கச்சேரியில யாராவது அடுத்தவங்க ஸ்ருதியில பாடுவாங்களா?"

பதில் இல்லை. ஆனால் ஒப்புக்கொள்ளவும் இல்லை. கர்நாடக சங்கீதத்தில் ஒரே கீர்த்தனையை ஒருவர் 1 கட்டையிலும் இன்னொருவர் 5 கட்டையிலும் பாடுவது இயல்பு. சினிமாப் பாட்டென்று வந்தால் மட்டும் பதிவுச் சுருதி புனிதமாகிவிடுகிறது. கரோக்கே வட்டாரத்தில் "அசல் சுருதி" என்று பெருமையாகக் குறிப்புப் போட்டுப் பதிவேற்றுவார்கள். சுருதியை இறக்கியவர் அதைச் சொல்லாமல் மறைப்பார். இந்த மனப்பான்மை எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது.

அப்போது அக்காவுக்கு நான் சொன்ன கதை கரோக்கே பிறந்த கதை. 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் மதுக்கூடங்களில் வாசித்துக்கொண்டிருந்த டைசுகே இனோவே, பாட்டில்லாமல் இசையை மட்டும் ஒலிக்கும் ஒரு பெட்டியை உருவாக்கினார். அவருக்கு முன்பே, 1967-இல் தோக்கியோவில் ஷிகெய்ச்சி நெகிஷி என்பவரும் அதே மாதிரி ஒரு பெட்டி செய்திருந்தார். யார் முதல் என்ற வழக்கை விட்டுவிடலாம். இனோவேயின் கதை தொடங்குவது ஒரு வாடிக்கையாளரிடமிருந்து. அவர் ஒரு சிறிய நிறுவனத்தின் தலைவர். வெளியூரில் வியாபார நண்பர்கள் முன் பாட வேண்டியிருந்தது. இனோவே வாசித்தால்தான் தன்னால் பாட முடியும், கூட வர வேண்டும் என்றார். இனோவேயால் போக முடியவில்லை. அந்த மனிதரின் குரலுக்கு எந்தச் சுருதி பொருந்துமோ அந்தச் சுருதியில் பாட்டுகளை வாசித்து டேப்பில் பதிந்து கொடுத்தனுப்பினார். கரோக்கேயின் மூல டேப்பே ஒருவர் குரலுக்காக மாற்றப்பட்ட சுருதியில்தான் இருந்தது. இனோவே காப்புரிமை வாங்காமல் விட்டதும், 2004-இல் அவருக்கு விளையாட்டு நோபல் எனப்படும் இக் நோபல் அமைதிப் பரிசு கிடைத்ததும் தனிக் கதை.

இது அக்காவிடம் வேலை செய்தது. அல்லது களைத்துப்போய் ஒப்புக்கொண்டார்.

அடுத்த சிக்கல் கணக்கு. அக்கா கட்டையில் யோசிக்கிறவர், செயலியோ பொத்தானுக்கு ஓர் அரைக் கட்டை என்று நகர்கிறது. 5-லிருந்து 3-க்கு இறங்க வேண்டும், இரண்டு கட்டை, அப்படியானால் நான்கு அரை, நான்கு தடவை அழுத்த வேண்டும் என்று கணக்குப் போட்டார். பாட்டு அதலபாதாளத்துக்குப் போனது. ஆர்மோனியத்தைத் திறந்து காட்டினேன். 5-க்கும் 4-க்கும் நடுவில் கறுப்புக் கட்டை இருக்கிறது, அது 4½. 4-க்கும் 3-க்கும் நடுவில் கறுப்பு கிடையாது. ஆகவே 5-லிருந்து 4½, 4, 3 என்று மூன்றே அழுத்தம். 7-க்கும் மேல் 1-க்கும் நடுவிலும் இதே கதை. கட்டைக் கணக்கில் வளர்ந்த எத்தனையோ பேர் இந்த இடத்தில் குழம்பி, "சுருதி மாத்தினா நல்லாயில்ல" என்று பொத்தானையே விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, பாட்டு எத்தனை கட்டை என்பது மட்டும் போதாது. 2 கட்டைப் பாட்டு என்று தைரியமாகத் தொடங்கினால், அது மேல் ஸாவைத் தொட்டாலே 587 ஹெர்ட்ஸ்தான். அதாவது 5 கட்டையின் மேல் பாவும் 2 கட்டையின் மேல் ஸாவும் ஒரே ஒலி. குரலுக்குக் கட்டை தெரியாது, ஹெர்ட்ஸ்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு பாட்டுக்கும் உச்ச ஸ்வரம் எது, பாட்டு எந்த உயரத்தில் அதிக நேரம் உட்காருகிறது என்ற இரண்டையும் குறிக்கச் சொன்னேன். இரண்டாவதுதான் முக்கியம். ஒரு கணம் உச்சத்தைத் தொட்டு இறங்கும் பாட்டை அக்கா சமாளிப்பார். சரணம் முழுக்க மேலேயே குடியிருக்கும் பாட்டுதான் தொண்டையைத் தின்னும்.

மூன்று இறக்கினால் அக்காவின் பெரும்பாலான பாட்டுகள் கைக்கு வந்தன. அதற்குக் கீழே போனால் டிராக் கெடுகிறது. தபலாவும் மிருதங்கமும் தங்கள் நாதத்தை இழந்து தொங்கிய தோல் மாதிரி ஒலிக்கும், வயலின் கூட்டம் மங்கும். வேகத்தை மாற்றாமல் சுருதியை மட்டும் மாற்றும் கணக்குகளுக்கு அந்த அளவுக்கு மேல் தடயம் தெரியாமல் வேலை செய்ய முடிவதில்லை. டிராக்கின் பிறப்பும் இதில் முக்கியம். கீபோர்டில் புதிதாக வாசித்துச் செய்த டிராக் சுருதி மாற்றத்தைத் தாங்கும், ஆனால் இடையிசையில் அசலின் நெளிவுகள் இருக்காது. பழைய முறையில், ஸ்டீரியோவின் இரண்டு பக்கத்திலும் பொதுவாக உள்ளதைக் கழித்துக் குரலை நீக்கிய டிராக்கில் நடுவிலிருந்த பேஸ் என்ற தாழ்ந்த ஒலியும் சேர்ந்து போய்விடும். ஒற்றைத் தடத்தில் பதிவான பழைய பாட்டுக்கு அந்த வித்தையே பலிக்காது. 2019-இல் டீசர் (Deezer) என்ற இணைய இசை நிறுவனம் வெளியிட்ட ஸ்ப்ளீட்டர் போன்ற கருவிகள் வந்த பிறகு, குரலையும் இசையையும் கணினி கற்றுப் பிரிக்கிறது. அக்கா நோட்டில் எழுதிய காலத்துப் பாட்டுகளுக்கும் அசல் இசைக்குழுவோடு டிராக் கிடைக்கத் தொடங்கியது அதனால்தான். ஓரங்களில் அசல் குரலின் நிழல் கொஞ்சம் ஒட்டியிருக்கும். அக்காவுக்கு அது பிடித்திருக்கிறது, கூட யாரோ பாடுகிற மாதிரி இருக்கிறதாம்.

மதிப்பெண், பாராட்டு, டூயட்

மதிப்பெண்ணைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. அக்கா பயன்படுத்திய செயலியில் ஒரு வரியைக் கமகம் என்ற அசைவு இல்லாமல் தட்டையாக நிறுத்திப் பாடினோம், மதிப்பெண் ஏறியது. அதே வரியை அசலில் இருக்கும் அசைவோடு பாடினார், இறங்கியது. ஸ்வரத்தைச் சதுரக் கட்டமாக வைத்திருக்கும் கணக்குக்கு அசைவு என்பது பிழை. அன்றோடு மதிப்பெண் காட்டும் வசதியை அணைத்துவிட்டார்.

பாராட்டு அவ்வளவு சுலபமாகத் தீரவில்லை. நீங்கள் என் பாட்டைக் கேட்டுப் பூச்செண்டு போட்டால் நான் உங்கள் பாட்டுக்குப் போட வேண்டும், இது எழுதாத ஒப்பந்தம். அக்கா பாடுவதைவிட, மற்றவர்களுக்கு "அருமை சகோ", "இனிமை" என்று எழுதுவதில் அதிக நேரம் செலவழித்துக்கொண்டிருந்தார். இத்தனை பாராட்டில் ஒருவர்கூட அவருடைய குரல் கம்மியிருப்பதைச் சொல்லவில்லை, தாளம் பிந்துவதைச் சொல்லவில்லை. அன்பு உண்மையானதுதான், அதை நான் குறைசொல்ல மாட்டேன். ஓய்வுக்குப் பிறகு அவருக்குக் கிடைத்த நட்பில் பாதி அங்கிருந்து வந்தது. உடம்பு சரியில்லாதபோது முகம் பார்த்திராத நாலைந்து பேர் தினமும் விசாரித்தார்கள். ஆனால் பாட்டைப் பற்றிய தகவல் அந்த வழியாக வராது. அதற்கு வேறு காது வேண்டும்.

டூயட்டில்தான் நிஜமான சங்கடம். இணையத்தில் இருவர் ஒரே நேரத்தில் சேர்ந்து பாடுவது இன்னும் சிரமம்தான். ஒருவர் ஒலி மற்றவரை அடைய ஏறக்குறைய 25, 30 மில்லி விநாடிக்கு மேல் ஆனால் தாளம் தளரத் தொடங்கும். ஒளியிழையில் 1,000 கிலோமீட்டருக்கே 5 மில்லி விநாடி போகும், வழியில் உள்ள கருவிகளும் கைபேசியும் தின்பது தனி. அதனால் பெரும்பாலும் ஒருவர் தன் பாதியைப் பாடி அழைப்பாக விட்டுவைப்பார், இன்னொருவர் வந்து மறுபாதியைச் சேர்ப்பார். அழைப்பு எந்தச் சுருதியில் இருக்கிறதோ அதில்தான் சேர வேண்டும். அக்கா மூன்று இறக்கி அழைப்பு விட்டால், ஆண் பாடகருக்குப் பல்லவியின் முதல் வரியே கிணற்றுக்குள் போய்விடும். வழக்கமாகக் கூடப் பாடும் ஒருவர் நேராகவே சொல்லிவிட்டார்: "மேடம், ஒரிஜினல்ல போடுங்க, இல்லைன்னா எனக்கு வராது." அவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. சினிமா டூயட்டின் சுருதி இரண்டு குறிப்பிட்ட குரல்களுக்கிடையே செய்த சமரசம். ஒரு குரல் நகர்ந்தால் மற்றது இடறும்.

இதற்கு முழுத் தீர்வு இல்லை. ஒன்றே ஒன்று மட்டும் பலித்தது. இறக்கிய சுருதியில் அழைப்பை விட்டு, அதைக் குறிப்பிலும் வெளிப்படையாக எழுதினார். வழக்கமானவர்கள் வரவில்லை. கனமான, தாழ்ந்த குரல் உள்ள சிலர், இதுவரை டூயட் பக்கமே எட்டிப்பார்க்காதவர்கள், வந்து சேர்ந்தார்கள். எண்ணிக்கையில் குறைவுதான்.

இப்போதைய நிலை

எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஓய்வு, கம்பி இயர்போன், சுருதி இறக்கம், பகலில் பாடுவது என்று எல்லாம் ஒரே காலத்தில் மாறின. தாளப் பிரச்சினை இயர்போனால் தீர்ந்தது என்பது மட்டும் நிச்சயம். கரகரப்பு திரும்பாமல் இருப்பதற்குச் சுருதிதான் முதல் காரணம் என்பது என் கணிப்பு. அதற்கு ஒரு தடயமும் உண்டு. நடுவில் ஒரு முறை, ஒரு நண்பரின் வற்புறுத்தலுக்காக அசல் சுருதியில் ஒரு டூயட்டைப் பகலிலேயே, கம்பி இயர்போனோடு பாடினார். மறுநாள் காலை குரல் கட்டியிருந்தது.

உச்ச வரியை இரண்டு தடவைக்கு மேல் மறுபதிவு செய்வதில்லை என்று ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டிருக்கிறார். மீறுவதுண்டு. பதிவேற்றம் மாதத்துக்கு ஐந்தாறாகக் குறைந்துவிட்டது, லைக்கும் அதற்கேற்பக் குறைந்தது. முதலில் அது அவரை வாட்டியது, இப்போது அதைப் பற்றிப் பேசுவதில்லை. புதிதாக வந்த ஆசை ஆண் பாடகர்களின் தனிப்பாட்டுகள். மந்தரத்தில் கிடைத்த புதிய கனத்துக்கு அவை பொருந்துகின்றன. ஆண் குரலுக்கு அமைந்த டிராக்கை அக்காவுக்கு ஏற்ப மேலேற்ற வேண்டும், ஆனால் ஐந்து அரைக் கட்டை ஏற்றினால் கருவிகள் கீச்சிடும். ஆகவே மூன்றுக்குள் ஏற்றிச் சமாளிக்க முடிகிற பாட்டுகளாகப் பார்த்துப் பட்டியல் எடுத்துக்கொண்டிருக்கிறோம். டி.எம். சௌந்தரராஜன் பாட்டுகளில் உச்சம் அதிகம் என்பதால் அவற்றில் சில ஏற்றாமலேயே பொருந்துகின்றன. இதை இருவருமே எதிர்பார்க்கவில்லை.

போன வாரம் ஒரு கண்டென்சர் மைக்கின் படத்தை அனுப்பி, வாங்கலாமா என்று கேட்டிருந்தார். மின்விசிறியின் சத்தத்தையும் அது துல்லியமாகப் பிடித்துக்கொடுக்கும், முதலில் பாடுவதற்கு ஓர் அறையைப் பாருங்கள், துணி நிறைந்த அலமாரிக் கதவைத் திறந்துவைத்து அதன் முன் நின்று பாடிப் பாருங்கள் என்று பதில் போட்டேன். அலமாரி முன் நின்று பாடிய பதிவு வந்தது, எதிரொலி நன்றாகவே அடங்கியிருந்தது. கூடவே இன்னொரு மைக்கின் படமும் வந்தது.